கட்டங்காவிலிருந்து ஹொபோக்கன் வரை: பழைய மின்கார் பற்றரி ஒன்றுக்குள் இருக்கும் நூறு வருட வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறும் விஞ்ஞானமும் கலந்து வருகிறது. சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

1. பற்றரிக்குள் எது தேய்கிறது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் எரிந்ததுதான். புகையாகப் போனதை யாரும் திரும்பப் பிடித்துத் தாங்கிக்குள் ஊற்ற முடியாது. மின்காரின் பற்றரி அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி, "பற்றரி போயிட்டுது" என்று கராஜ்காரர் கையை விரிக்கும் நாளிலும், தொழிற்சாலையில் அதற்குள் வைத்த கோபால்ட், நிக்கல், செம்பு, லித்தியம் அவ்வளவும் உள்ளேயே இருக்கின்றன. ஒரு கிராம் கூட எரிந்து போகவில்லை.

அப்படியென்றால் எது தேய்ந்தது? வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது. எதிரெதிரே இரண்டு புத்தக இறாக்கைகள். ஒன்று உலோக ஒட்சைட்டால் ஆனது, மற்றது பென்சில் கரியால், அதாவது காரீயத்தால் ஆனது. லித்தியம் அயன்கள்தான் கொப்பிகள். சார்ஜ் ஏற்றும்போது கொப்பிகள் முதல் இறாக்கையிலிருந்து இரண்டாவதுக்குப் போகின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. ஆயிரக்கணக்கான தடவை போய்வரும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. சில கொப்பிகள் காரீயத்தின் மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கித் திரும்பி வராமல் நின்றுவிடுகின்றன. அடுக்கி அடுக்கி இறாக்கைத் தட்டுகளிலும் வெடிப்பு விழுகிறது. கொள்ளளவு நூற்றுக்கு எழுபது, எண்பது என்று இறங்கியதும் "பற்றரி போச்சு" என்கிறோம்.

ஆகவே பழைய பற்றரி என்பது ஒழுங்கு குலைந்த ஒரு களஞ்சியம். சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, இரண்டாவது தடவை யார் கைக்குப் போகிறது என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி. அதற்கு ஒரு கொம்பனியின் கதையைச் சொன்னால் போதும். கொங்கோவில் தோண்டத் தொடங்கிய அந்தக் கொம்பனி, இன்று பெல்ஜியத்தில் பழைய பற்றரிகளை உருக்குகிறது.

2. கட்டங்கா

கொங்கோவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பிரதேசம் கட்டங்கா. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மக்கள் செப்புத் தாதுவைத் தோண்டி, களிமண் உலையில் உருக்கி, சிலுவை வடிவப் பாளங்களாக வார்த்தார்கள். அந்தப் பாளங்கள் பெரும் பரப்பில் பணமாகப் புழங்கின. அதாவது தோண்டியவரும் உருக்கியவரும் விற்றவரும் ஒரே ஊர் ஆட்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1891 டிசம்பரில், அந்தப் பகுதியை ஆண்ட ம்சிரி என்ற அரசன், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சார்பில் வந்த படையணி ஒன்றால் கொல்லப்பட்டான். மறு வருடம் அங்கே சுற்றிய பெல்ஜியப் புவியியலாளர் ஜூல் கோர்னே, ஒரே இடத்தில் இவ்வளவு கனிமமா என்று திகைத்துப்போனார்.

1906இல் யூனியன் மினியேர் டு ஓ கட்டங்கா என்ற கொம்பனி பதிவு செய்யப்பட்டது. 1911இல் எலிசபெத்வில்லில், அதாவது இன்றைய லுபும்பாஷியில், செப்பு உருக்கத் தொடங்கினார்கள். பின்பு கோபால்ட் வந்தது. யுரேனியத் தாது 1920களில் பெல்ஜியத்தின் ஓலன் என்ற ஊருக்குக் கப்பலில் போய் அங்கே ரேடியமாகப் பிரிக்கப்பட்டது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் யுரேனியத்தில் பெரும்பகுதி இதே கொம்பனியின் ஷின்கொலோப்வே சுரங்கத்திலிருந்து போனது.

கொங்கோ மக்களுக்குக் கிடைத்தது என்ன? 1941 டிசம்பரில் கூலி உயர்வு கேட்டு எலிசபெத்வில்லில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் மீது படையினர் சுட்டனர். பலர் இறந்தனர். 1960 ஜூன் 30 அன்று நாடு சுதந்திரம் பெற்றது. பதினொரு நாளில் கட்டங்கா பிரிந்துபோவதாக மொயீஸ் ஷொம்பே அறிவித்தார். யூனியன் மினியேர் தன் வரிப்பணத்தை மத்திய அரசுக்குக் கட்டாமல் ஷொம்பேயிடம் கட்டியது. முதல் பிரதமர் லுமும்பா 1961 ஜனவரி 17 அன்று அதே எலிசபெத்வில்லுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டங்காவின் கனிமம் இல்லாமல் கொங்கோ அரசால் எழுந்து நிற்க முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

3. கோபால்ட்டின் காலம்

1967இல் மொபுட்டு அரசு யூனியன் மினியேரின் கொங்கோச் சொத்துகளைத் தேசியமயமாக்கியது. பின்னாளில் ஜெகமின் என்று அறியப்பட்ட அரச நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. சுரங்கம் கைக்கு வந்தது, ஆனால் உலோகத்தைச் சுத்திகரிக்கும் ஆலைகளும் வாங்குவோரின் முகவரிகளும் பெல்ஜியத்தில்தான் இருந்தன. எனவே உலோகத்தை விற்றுக் கொடுக்கும் ஒப்பந்தம் பழைய பெல்ஜியக் குழுமத்துக்கே போனது. மண் ஒருவர் கையில், உலை இன்னொருவர் கையில்.

அப்போது கோபால்ட்டின் முக்கிய பயன் ஜெட் இயந்திரங்களிலும் காந்தங்களிலும். 1978 மே மாதம் அங்கோலாவிலிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள் சுரங்க நகரமான கொல்வேசியைப் பிடித்தனர். உலகச் சந்தையில் கோபால்ட் விலை பல மடங்கு ஏறியது. பயந்துபோன தொழிற்சாலைகள் கோபால்ட் இல்லாத காந்தங்களுக்கு மாறின, கழிவிலிருந்து கோபால்ட்டைத் திரும்ப எடுக்கவும் பழகின. மீள்சுழற்சியை அன்று தள்ளிவிட்டது சூழல் அக்கறை அல்ல. சரக்கு வராமல் போய்விடுமோ என்ற பயம்.

இரண்டே வருடத்தில் கதை திரும்பியது. 1980இல் ஒக்ஸ்போர்டில் ஜோன் குட்இனஃப் குழுவினர், லித்தியம் கோபால்ட் ஒட்சைட்டில் லித்தியம் அயன்கள் சுலபமாக உள்ளே போய் வெளியே வரும் என்று காட்டினார்கள். நான் சொன்ன முதல் இறாக்கை அதுதான். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ அதனுடன் கரி வகை இறாக்கையைச் சேர்த்துப் பாதுகாப்பான மின்கலம் செய்தார். 1991இல் சொனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குட்இனஃப், யோஷினோ, இவர்களுக்கு முன்னோடியான ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஆகிய மூவருக்கும் 2019இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

எந்த உலோகத்தை விட்டுத் தப்ப உலகம் முயன்றதோ, அதே உலோகம் எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் வந்து சேர்ந்தது. கைத்தொலைபேசிக்குச் சில கிராம். மின்கார் வந்ததும் அது கிலோக் கணக்கானது.

அதே காலத்தில் ஜெகமின் சரிந்துகொண்டிருந்தது. 1990 செப்டெம்பரில் கமோட்டோ சுரங்கம் இடிந்தது. 1980களின் நடுவில் வருடத்துக்கு 4 இலட்சம் தொன்னுக்கு மேல் இருந்த செப்பு உற்பத்தி, பத்து வருடத்தில் அதில் பத்தில் ஒன்றாகக் கூட இல்லை. சம்பளம் நின்றது. மக்கள் மண்வெட்டியோடு தாங்களே குழிக்குள் இறங்கினார்கள். தென் கொங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர்கள் வேலை செய்வதாக யுனிசெப் 2014இல் மதிப்பிட்டது. 2016 ஜனவரியில் சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகுதான் நம்மில் பலருக்கு இந்தக் கதையே தெரியும். இன்று உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் நூற்றுக்கு எழுபது அளவு கொங்கோவிலிருந்து வருகிறது. சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது. உலையின் இடம் மாறியது. மண்ணுக்குச் சொந்தக்காரரின் நிலை மாறவில்லை.

4. சுரங்கம் இழந்த சுரங்கக் கொம்பனி

இனி யூனியன் மினியேருக்குத் திரும்புவோம். கொங்கோவை இழந்த கொம்பனிக்கு என்ன நடந்தது?

அதன் குழுமத்திடம் ஒரு பழைய ஆலை இருந்தது. அன்ட்வேர்ப் நகருக்குப் பக்கத்தில், ஷெல்ட் ஆற்றங்கரையில், ஹொபோக்கன் என்ற இடத்தில். 1887இல் ஈயத்திலிருந்து வெள்ளி பிரிக்கத் தொடங்கிய ஆலை அது. பின்னர் கட்டங்காவின் உலோகங்களும் அங்கே சுத்திகரிக்கப்பட்டன. 1989இல் குழும நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2001இல் கொம்பனி பெயரை யுமிகோர் என்று மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளான யூ, எம் இரண்டும் யூனியன் மினியேரைக் குறிப்பவைதான்.

சுரங்கம் இல்லாதவர்களிடம் நூறு வருட உலை அனுபவம் இருந்தது. பல உலோகங்கள் கலந்த அழுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் கை அது. தாது வராவிட்டால் என்ன? பழைய கணினிப் பலகையும் கைத்தொலைபேசியும் பற்றரியும் தாதுதானே. 2011இல் ஹொபோக்கனில் வருடத்துக்கு 7,000 தொன் பற்றரி கொள்ளும் உலை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 35,000 மின்கார் பற்றரிகளுக்குச் சமம்.

இப்படி யோசித்துப் பாருங்கள். கட்டங்காவில் தோண்டப்பட்ட ஒரு கிலோ கோபால்ட் சீனாவில் சுத்தமாகி, கொரியாவில் மின்கலமாகி, ஜேர்மனியில் காராகி, பத்து வருடம் ஓடி, கடைசியில் 1906இல் கட்டங்காவைத் தோண்டத் தொடங்கிய அதே கொம்பனியின் வாரிசிடம் வந்து சேரலாம். இந்தத் தடவை ஒரு கொங்கோக்காரரின் கையொப்பமும் தேவையில்லை.

5. உருக்குதல், கரைத்தல், திருத்துதல்

பழைய பற்றரியிலிருந்து பொருளைத் திரும்ப எடுக்க மூன்று பாதைகள் உள்ளன.

முதலாவது உருக்குதல். ஹொபோக்கன் முறை இது. பற்றரியை உயர் வெப்ப உலைக்குள் போடுவார்கள். பிளாஸ்ரிக்கும் காரீயமும் எரிந்து உலைக்கே வெப்பம் கொடுக்கின்றன. கோபால்ட், நிக்கல், செம்பு மூன்றும் கலப்புலோகமாக அடியில் தங்கும். லித்தியமும் அலுமினியமும் மேலே கசடோடு போய்விடும். கசடிலிருந்து லித்தியத்தை மீட்கப் பின்னர் தனி வேலை செய்ய வேண்டும். இறாக்கையைக் கொளுத்திவிட்டு சாம்பலில் ஆணி பொறுக்குவது போன்றது.

இரண்டாவது கரைத்தல். பற்றரியை மின் இறக்கி, நொறுக்கி, சலித்தால் ஒரு கரும்பொடி கிடைக்கும். அதைச் சல்பூரிக்கமிலத்தில், ஐதரசன் பரவொட்சைட்டும் சேர்த்துக் கரைத்து, ஒவ்வோர் உலோகத்தின் உப்பையும் தனித்தனியே பிரிப்பார்கள். சீனாவின் பெரிய ஆலைகள் இந்தப் பாதையில்தான் முன்னுக்கு வந்தன. இதில் லித்தியத்தையும் மீட்கலாம். இப்படி மீட்டது புதியதை விடத் தரம் குறைந்ததா? அமெரிக்காவின் வூஸ்டர் பொலிடெக்னிக் நிறுவனத்தில் யான் வாங் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மீட்ட உலோகத்தால் மீண்டும் கட்டிய மின்வாய்ப் பொருள் புதியதற்கு ஈடாக, சில விடயங்களில் அதைவிட மேலாகவும் வேலை செய்தது. துணிக்கைகளுக்குள் பெரிய துளைகள் இருந்ததால் விரிந்து சுருங்கும்போது வெடிப்பு குறைந்தது.

மூன்றாவது திருத்துதல். எனக்கு மிகவும் பிடித்த பாதை. இறாக்கையை எரிக்கவும் வேண்டாம், கரைக்கவும் வேண்டாம். தேய்ந்த மின்வாய்ப் பொடியை அப்படியே எடுத்து, லித்தியம் உப்புக் கரைசலில் அழுத்தத்தோடு சூடாக்கி, பிறகு சிறிது நேரம் உலையில் வைத்தால், காலியான தட்டுகளில் லித்தியம் மறுபடி போய் அமர்கிறது. குலைந்த அடுக்கும் நேராகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். 2019இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் இதற்கென்றே ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ஒரு மையத்தைத் தொடங்கியது. இன்னும் பெரும் தொழிலாக வளரவில்லை. ஒவ்வொரு காரிலும் இரசாயனம் வேறு வேறு, கலந்துவிட்டால் திருத்த முடியாது.

இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொரு படி இருக்கிறது. பற்றரிப் பெட்டி முழுவதும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. நிசான் லீஃப் காரின் ஆரம்பப் பற்றரியில் 48 அலகுகள். அதில் சில மட்டும் மோசமாகியிருக்கலாம். நிசானும் சுமிடோமோவும் 2010இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் 2018 மார்ச்சில் ஃபுகுஷிமாவின் நமியே என்ற ஊரில் ஓர் ஆலையைத் திறந்தது. 2011 அணு உலை விபத்தில் முழுதாக வெளியேற்றப்பட்ட ஊர் அது. அங்கே பழைய லீஃப் பற்றரிகளைப் பிரித்து, ஒவ்வோர் அலகையும் சோதித்து, நல்லவற்றை ஒன்றாகச் சேர்த்து, பழைய கார்களுக்கு மறுபடி பொருத்தும் பற்றரியாக ஜப்பானில் 3 இலட்சம் யென்னுக்கு விற்றார்கள். புதியதின் விலையில் பாதிக்கும் குறைவு. உலையும் அமிலமும் இல்லாமல், அளவிடும் கருவியும் பொறுமையும் கொண்டு செய்த வேலை.

6. ஈயம் கொடுத்த பாடம்

"மீள்சுழற்சி" என்ற சொல்லுக்கு ஒரு நல்ல பிள்ளை முகம் இருக்கிறது. அந்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழும்பிப் போகக் கூடாது.

கார் ஸ்டார்ட் பண்ணும் ஈய பற்றரியை 1859இல் காஸ்ரன் பிளான்ரே கண்டுபிடித்தார். உலகில் மிக அதிகமாக மீள்சுழற்சி செய்யப்படும் பொருட்களில் அதுவும் ஒன்று. ஆனால் எங்கே, எப்படி? செனகல் தலைநகர் டக்காருக்குப் பக்கத்தில் தியாரோய் சூர் மேர் என்ற ஊர். ஏழை மக்கள் பழைய ஈய பற்றரிகளை உடைத்து வந்தார்கள். ஈயம் கலந்த மணலையும் வீட்டு முற்றத்தில் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறுவர்கள் இறந்தார்கள். அடுத்தடுத்துப் பிள்ளைகள் போனபோது காரணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு உயிரோடு இருந்த சகோதரர்களையும் தாய்மாரையும் சோதித்தபோதுதான் இரத்தத்தில் ஈயம் தெரிந்தது. 2020இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கையின்படி உலகப் பிள்ளைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருக்கிறது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதே ஹொபோக்கன் ஆலையைச் சுற்றிய குடியிருப்பில் 1970களிலிருந்து பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் அளக்கப்படுகிறது. பல வருடம் குறைந்து வந்த அளவு 2020இல் திடீரென ஏறியது. ஆலை மதிலுக்கு அருகில் உள்ள வீடுகளை வாங்கிப் பசுமை வலயமாக்க கொம்பனியே முன்வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த ஈயம் பற்றரி உலையால் வந்ததல்ல, அதே வளாகத்தின் ஈய வேலையால் வந்தது. ஆனாலும் அளந்தவர்கள் இருந்தார்கள், அளவு வெளியில் சொல்லப்பட்டது, மக்கள் கேள்வி கேட்டார்கள். தியாரோயில் அளக்க ஆள் வந்தபோது பதினெட்டு மையவாடிக் குழிகள் மூடப்பட்டிருந்தன.

பணக்கார நாடுகள் நஞ்சை ஏழை நாடுகளில் கொட்டுவதைத் தடுக்க 1989இல் பாசல் சமவாயம் எழுதப்பட்டது. அபாயகரக் கழிவை அவர்கள் நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்புவதையே தடை செய்யும் திருத்தம் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த குப்பைக் கொள்கலன்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 263 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பி முடிக்க 2022 பெப்ரவரி ஆனது. இந்தச் சமவாயம் இல்லாவிட்டால் நம் கையில் எந்தப் பிடியும் இருந்திராது.

7. திரும்பிப் போகாத உலோகம்

இனித்தான் சிக்கலான இடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பற்றரிச் சட்டம் 2023 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2031 ஓகஸ்ட் முதல் அங்கே விற்கப்படும் மின்கார் பற்றரியில் உள்ள கோபால்ட்டில் குறைந்தது நூற்றுக்கு 16, லித்தியத்தில் 6, நிக்கலில் 6 மீள்சுழற்சி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 2036இல் அவை 26, 12, 15 ஆகும். நல்ல சட்டம்தான். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு கரும்பொடியை அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தியது. அதாவது வளர்முக நாடுகளுக்கு அதை அனுப்ப முடியாது. அதற்கு இரண்டு காரணங்களையும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள்: சூழலைக் காப்பது, பெறுமதியான மூலப்பொருளை ஐரோப்பாவுக்குள் வைத்திருப்பது.

தியாரோய்ப் பிள்ளைகளைக் காக்க வேண்டிய அதே வேலி, இப்போது கட்டங்காவின் கோபால்ட்டை ஐரோப்பாவுக்குள் பூட்டியும் வைக்கிறது. இதில் யாரையும் வில்லனாக்க நான் வரவில்லை. வேலி தேவை. ஆனால் ஒருமுறை கப்பலேறிய உலோகம் இனிச் சுற்றிச் சுற்றி அங்கேயே வாழும். தோண்டிய நாட்டுக்கு ஒரு தடவை விலை கிடைத்தது, அதுவும் எந்த விலையென்று பார்த்தோம். உலை வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும்.

இதைக் கொங்கோ அரசும் உணர்ந்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தி, ஒக்டோபரில் பங்கீட்டு முறையில் மீண்டும் திறந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் கால அவகாசம் உண்டு. எளிய கணக்கு ஒன்று: 2015இல் உலகில் விற்ற மின்கார்கள் சுமார் 5 இலட்சம். 2024இல் 170 இலட்சத்துக்கும் மேல். பத்து வருடப் பற்றரிதான் இன்று மீள்சுழற்சிக்கு வருகிறது. அவை முழுவதையும் ஒரு கிராம் விடாமல் மீட்டாலும் இன்றைய தேவையில் முப்பதில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே சுரங்கம் நாளைக்கே மூடாது. ஆனால் இந்த இடைவெளி ஒவ்வொரு வருடமும் சுருங்கும். அதற்குள் உலையும் ஆய்வுகூடமும் தன் மண்ணில் இல்லாத நாடு, பிறகு வெறும் குழிகளோடு நிற்கும்.

8. எங்களுக்கு இதில் என்ன?

கொங்கோவின் கதை நமக்குப் புதிதல்ல. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் காரீயம் உலகிலேயே தனி வகை. முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916இல், 33,000 தொன் அளவு ஏற்றுமதியானது. லண்டனின் பாட்டர்சியிலும் அமெரிக்காவின் ஜேர்சி சிட்டியிலும் உலோகம் உருக்கும் மூசைகளாக அது மாறியது. மூசை செய்யும் தொழில் இங்கே வேர் பிடிக்கவில்லை. போர் முடிந்ததும் விலை விழுந்தது, சுரங்கங்கள் மூடின. பற்றரியின் இரண்டாவது இறாக்கை அதே காரீயத்தால் ஆனது என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது பற்றரிகளே நம்மிடம் வந்துவிட்டன. 2015 அளவில் நம் வீதிகளில் இறங்கிய பாவித்த லீஃப் கார்கள் ஏற்கெனவே கிழடாகிவிட்டன. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு பிவைடி போன்ற கார்கள் கொட்டுகின்றன. அவற்றின் பற்றரி வேறு வகை: லித்தியம் இரும்புப் பொசுபேற்று. கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. உருக்கினால் கிடைப்பது இரும்பு, அதற்குப் பெறுமதி குறைவு. எனவே பெரிய உலைக்காரர்கள் இதை ஓடி வந்து வாங்க மாட்டார்கள். இந்த வகையில் பெறுமதி இருப்பது ஆணியில் அல்ல, கட்டிய இறாக்கையில். அதனால் திருத்தும் பாதைதான் இதற்குப் பொருந்தும். அந்தப் பாதையின் முதற்படி, நமியேயில் செய்தது போல, பிரித்தல், அளத்தல், நல்லதைத் தெரிதல், மறுபடி பொருத்தல். காரை ஓட்ட முடியாத பற்றரியால் ஒரு வீட்டின் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்க முடியும். இதற்கு ஆயிரம் கோடி உலை வேண்டாம். பயிற்சி பெற்ற கைகளும் பாதுகாப்பு விதிகளும் ஒழுங்கான பதிவேடும் வேண்டும். எந்தப் பற்றரி, எந்த இரசாயனம், எத்தனை வருடம் ஓடியது என்று எழுதி வைக்காவிட்டால் பத்து வருடம் கழித்து அது யாருக்கும் பிடிபடாத குப்பை. பயிற்சி இல்லாமல் சுத்தியலோடு பிரித்தால் தீயும் நச்சுப் புகையும்தான் மிச்சம். தியாரோய் நம் ஊரிலும் நடக்கலாம்.

ஆசிரியர் கலாசாலையில் வரலாற்றை ஒரு பக்கமும் விஞ்ஞானத்தை இன்னொரு பக்கமும் வைத்துத்தான் நாங்கள் படித்தோம். பிள்ளைகளுக்கும் அப்படியே பிரித்துக் கொடுக்கிறோம். தொழினுட்பப் பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். கட்டங்காவின் செப்புச் சிலுவை வார்த்தவர்களிடம் தாதுவும் இருந்தது, உலையும் இருந்தது. உலை கைவிட்டுப் போன பிறகு தாதுவால் அவர்களுக்கு வந்தது துன்பம்தான். நம்மிடம் தாது கொஞ்சம், பற்றரி இனி நிறைய. அதைத் திறந்து, அளந்து, திருத்தத் தெரிந்த இளைஞர்கள் நூறு பேர் இந்த நாட்டில் இருந்தால், 2035இல் நம் கராஜ்களின் பின்பக்கம் குவியப்போவது குப்பையாக இருக்காது.

உங்கள் ஊரில் பழைய ஹைபிரிட், மின்கார் பற்றரிகள் இப்போது எங்கே போகின்றன? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அந்தத் துறையில் வேலை செய்யும் தம்பிமார் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பாடசாலைக் குழுக்களில் பகிர விரும்பும் ஆசிரியர்கள் தாராளமாகப் பகிரலாம்.